கல்லாப்பெட்டி கைமாறிய வருஷம்

கோட்டாறு கம்போளத்தில் ஒரு பழைய பலசரக்குக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். முதலாளிக்கு வயசாகிவிட்டது. ஒரு நல்ல நாள் பார்த்துக் கல்லாப்பெட்டிச் சாவியை மகன் கையில் கொடுக்கிறார். கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனால் பரவாயில்லை. கல்லாவுக்குப் பக்கத்திலேயே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார். வருகிற ஆள் எல்லாம் பையனைத் தாண்டி அவரிடம்தான் விலை கேட்கிறான். லாபம் வந்தால் "பெரியவர் கைராசி". நஷ்டம் வந்தால் "பையனுக்குப் போதாது".

2024 ஐ.பி.எல்.-இல் சென்னை சூப்பர் கிங்ஸ் கதை ஏறக்குறைய இதுதான். பையன் பெயர் ருதுராஜ் கெய்க்வாட். பெரியவர் யார் என்று சொல்லவே வேண்டாம்.

அந்த சீசன் முடிந்து வருஷங்கள் ஆனபிறகும் வடசேரி டீக்கடைகளில் தீர்ப்பு மாறவில்லை. "எடே மக்கா, தோனி கேப்டனா இருந்திருந்தா கப்பு நமக்குத்தான்டே." இந்தத் தீர்ப்பு சரிதானா என்று ஆட்டம் ஆட்டமாகப் பார்த்தால் விஷயம் வேறு மாதிரி தெரிகிறது.

முதலில் வெறும் கணக்கு. 14 ஆட்டம், 7 வெற்றி, 7 தோல்வி, 14 புள்ளி, ஐந்தாவது இடம். இதைவிடச் சமமாக ஒரு சீசன் ஆட முடியாது. ஆனால் இந்த 7-7-ஐக் கொஞ்சம் பிரித்தால் நடுவில் பெரிய பிளவு. சேப்பாக்கத்தில் 7 ஆட்டத்தில் 5 வெற்றி. வெளியூரில் 7 ஆட்டத்தில் 2. வீட்டில் புலி, வெளியே போனால்... சரி, எலி என்று சொல்ல வேண்டாம், பூனை என்று வைத்துக்கொள்ளலாம்.

கேப்டன் மாற்றம் அறிவிக்கப்பட்டது 2024 மார்ச் 21. முதல் ஆட்டம் மார்ச் 22. அதாவது ஒரே ஒரு நாள் இடைவெளி. கோப்பையோடு எல்லா கேப்டன்களும் நின்று போட்டோ எடுக்கிற இடத்தில் ருதுராஜ் வந்து நின்றபோதுதான் ஊர் உலகத்துக்கே விஷயம் தெரிந்தது. 2008-இல் ஐ.பி.எல். தொடங்கியதிலிருந்து (2022-இல் ஜடேஜாவின் எட்டு ஆட்டமும் வேறொரு ஆள் அவ்வப்போது நின்ற சில ஆட்டங்களும் தவிர) இந்த அணிக்கு ஒரே கேப்டன். 2010, 2011, 2018, 2021, 2023 என்று ஐந்து கோப்பை. அந்த நாற்காலியில் 27 வயசுப் பையன் ஒருவன் உட்கார்ந்தான்.

ருதுராஜ் கேப்டன் பதவிக்கே புதுசு என்று சொல்ல முடியாது. மகாராஷ்டிர அணிக்குத் தலைமை தாங்கியவர். 2023-இல் சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வாங்கிய இந்திய அணிக்கும் அவர்தான் கேப்டன். ஆனால் ஐ.பி.எல். வேறு பாடத்திட்டம். செமஸ்டர் தேர்வில் நல்ல மார்க் வாங்கியவன் எல்லாம் வேலைக்குப் போன முதல் வாரத்தில் முழிக்காமல் இருக்கிறானா?

தொடக்கம் அருமை. முதல் ஆட்டத்தில் பெங்களூருவை 6 விக்கெட் வித்தியாசத்தில் வென்றார்கள். வங்கதேசத்திலிருந்து வந்த முஸ்தஃபிசுர் 4 விக்கெட். நாலு நாள் கழித்து குஜராத்தை 63 ரன்னில் சாய்த்தார்கள். அந்த ஆட்டத்தில் சமீர் ரிஸ்வி என்கிற இருபது வயசுப் பையன், ஐ.பி.எல்.-இல் தான் சந்தித்த முதல் பந்தையே ரஷீத் கானிடம் சிக்ஸ் அடித்தான். டீக்கடைத் தீர்ப்பு அப்போது வேறு: "பையன் நல்லாக் கொண்டு போறான்."

பிறகு ரயில் ஏறினார்கள். விசாகப்பட்டினத்தில் டெல்லியிடம் 20 ரன்னில் தோல்வி. அங்கே நடந்ததுதான் இந்த சீசனின் வினோதம். ஆட்டம் தோற்றது. ஆனால் தோனி கடைசியில் 16 பந்தில் 37 அடித்தார். மைதானமே கொண்டாடியது. மறுநாள் பார்த்தால் யாரும் தோல்வியைப் பற்றிப் பேசவில்லை. சொந்த அணி தோற்ற ஆட்டத்தை அந்த அணியின் ரசிகர்களே சந்தோஷமாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். அடுத்து ஹைதராபாத்திலும் தோல்வி.

வீட்டுக்குத் திரும்பி கொல்கத்தாவை 137-இல் மடக்கினார்கள். ஜடேஜா 3 விக்கெட், ருதுராஜ் ஆட்டமிழக்காமல் 67. மும்பை வான்கடேயில் ருதுராஜ் 69, துபே 66, கடைசி நாலு பந்தில் தோனி மூன்று சிக்ஸோடு 20. ரோஹித் சதம் அடித்தும் சென்னைக்கு வெற்றி, வித்தியாசம் அதே 20 ரன். சினிமாவில் வைத்தால் ஓவர் என்பார்கள். அந்த ஆட்டத்தில் பதிரானா 4 விக்கெட் எடுத்தார். ஆனால் பெரும்பாலானோர் ஞாபகத்தில் நிற்பது அந்த மூன்று சிக்ஸ் மட்டும்.

இதில் தோனி மேல் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. 42 வயசில் முழங்கால் வலியோடு அந்த சீசனில் 73 பந்தில் 161 ரன் அடித்தார். குற்றம் பார்க்கிறவர்கள் மேல். சேப்பாக்கத்தில் சொந்த அணியின் விக்கெட் விழுந்தால் கைதட்டல் கேட்டது. விக்கெட் விழுந்தால்தானே அவர் வருவார்! கொல்கத்தா ஆட்டத்தில் ஜடேஜா தான் இறங்குவது மாதிரி நாலு அடி நடந்து வந்து, கூட்டத்தைச் சீண்டிவிட்டுத் திரும்பிப் போனார். எல்லோரும் சிரித்தார்கள். அந்த வேடிக்கைக்குள்ளே ஒரு உண்மை இருந்தது. கூட்டத்துக்கு யார் வேண்டும், யார் வேண்டாம் என்று ஜடேஜாவுக்கு நன்றாகவே தெரியும். 2022-இல் இதே கல்லாப்பெட்டிச் சாவியை முதலில் வாங்கியவர் அவர்தானே. சீசன் தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது அறிவித்தார்கள். எட்டு ஆட்டத்தில் இரண்டே வெற்றி. ஏப்ரல் 30-ஆம் தேதி சாவியைப் பெரியவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் பேட்டிங்கும் பவுலிங்கும்கூட அந்த வருஷம் சுருண்டுபோனது.

ருதுராஜ் அப்படிச் சுருளவில்லை. இதுதான் அவருக்குச் சேர வேண்டிய முதல் மார்க். 14 ஆட்டத்தில் 583 ரன், ஒரு சதம், நாலு அரைசதம். அந்த சீசனில் அவரைவிட அதிகம் அடித்தவர் கோலி ஒருவர்தான். கேப்டன் பாரம் பேட்டிங்கைத் தின்றுவிடும் என்ற பழைய பேச்சு இவரிடம் பலிக்கவில்லை. ரஹானேவுக்காகத் தன் தொடக்க இடத்தை விட்டுக்கொடுத்து சில ஆட்டங்களில் மூன்றாவதாக இறங்கினார், அது பலனளிக்கவில்லை என்றதும் திரும்பி வந்தார்.

சரி, தப்பே செய்யவில்லையா? செய்தார். ஏப்ரல் 23, சேப்பாக்கம், எதிரணி லக்னோ. நாலு நாள் முன்புதான் லக்னோவில் 8 விக்கெட்டில் தோற்று வந்திருந்தார்கள். பழி வாங்கும் ஆட்டம். ருதுராஜ் ஆட்டமிழக்காமல் 108, ஸ்கோர் 210. ஜெயித்தாயிற்று என்று நிறையப் பேர் சாப்பிடப் போயிருப்பார்கள். இரண்டாவது பாதியில் பனி இறங்கியது. பந்து சோப்புக்கட்டி ஆனது. ஸ்டாய்னிஸ் 63 பந்தில் 124. கடைசி ஓவரில் 17 தேவை, முஸ்தஃபிசுர் கையில் பந்து. சிக்ஸ், ஃபோர், நோபாலில் ஒரு ஃபோர், திரும்பவும் ஃபோர். மூன்று பந்து மிச்சம் வைத்து முடித்துவிட்டுப் போனார்கள்.

ஈரப் பந்தில் கட்டர் போடுகிறவரைக் கடைசி ஓவருக்கு வைத்தது சரியா என்று கேட்கலாம். கேட்க வேண்டும். நனைந்த பந்து கையில் நிற்காது. கட்டர் பந்துக்கு விரலில் பிடிப்பு வேண்டும். முன்கூட்டியே யோசித்து ஓவர்களை மாற்றி அடுக்கியிருக்கலாம். அனுபவமுள்ள கேப்டன் என்றால் பத்தாவது ஓவரிலேயே இந்தக் கணக்கைப் போட்டிருப்பார் என்பது நியாயமான வாதம். அந்த ஒரு ஆட்டம் வேறு மாதிரி முடிந்திருந்தால் 16 புள்ளி. பிறகு நெட் ரன் ரேட், பெங்களூரு, கடைசி ஓவர் எதுவும் தேவைப்பட்டிருக்காது.

ஆனால் அந்த ராத்திரி இரண்டாவதாகப் பந்து வீச வேண்டியிருந்தது ஏன்? டாஸ் தோற்றதால். முதல் 11 ஆட்டங்களில் 10 டாஸ் தோல்வி! பூவா தலையாவில் இப்படித் தோற்பதற்குத் தனித் திறமை வேண்டும் :-) இதற்கும் கேப்டன்சிக்கும் சம்பந்தமில்லை என்று ஒன்பதாம் வகுப்பு நிகழ்தகவு படித்தவனுக்குத் தெரியும். டீக்கடையில் அது எடுபடாது. "தோனிக்கு ராசி உண்டு" என்று முடித்துவிடுவார்கள்.

அதைவிடப் பெரிய விஷயம் பவுலிங். இதை யாரும் சரியாக எடுத்துப் பேசுவதில்லை. தொடக்க ஆட்டக்காரர் டேவன் கான்வே கட்டைவிரல் காயத்தில் சீசன் முழுக்கவே இல்லை. அதைக்கூட ரச்சின், ரஹானேயை வைத்துச் சமாளித்தார்கள். மே மாதம் பிறந்ததும் பந்துவீச்சே காலியானது. மே 1, சேப்பாக்கத்தில் பஞ்சாப். பதிரானா ஆடவில்லை, துஷார் தேஷ்பாண்டேயும் இல்லை. புதுப் பந்து எடுத்த தீபக் சாஹர் இரண்டே பந்து போட்டுவிட்டுக் காயத்தோடு வெளியேறினார். அந்த ஆட்டத்தோடு முஸ்தஃபிசுர் நாட்டுக்காக ஆடக் கிளம்பினார். அதுவரை 9 ஆட்டத்தில் 14 விக்கெட் எடுத்திருந்தார். பதிரானா ஆறே ஆட்டத்தில் 13 விக்கெட். தொடைத் தசைக் காயத்தோடு இலங்கைக்குப் போனார். ஒரே வாரத்தில் கடையிலிருந்து மூன்று வேலையாட்கள் நின்றால், கல்லாவில் யார் உட்கார்ந்திருந்தால் என்ன?

அந்த மே 1 ஆட்டத்திலேயே இன்னொரு காட்சி. கடைசி ஓவர். அர்ஷ்தீப் பந்தைத் தோனி தட்டுகிறார். எதிர்முனையில் டேரில் மிட்செல். அணி 14 கோடி கொடுத்து வாங்கிய பேட்ஸ்மேன். அவர் ஓடி வருகிறார், தோனி வேண்டாம் என்கிறார், மனுஷன் இந்தப் பக்கம் வந்து திரும்பி அந்தப் பக்கமும் ஓடுகிறார். தனி ஆளாக இரண்டு ரன் ஓடிவிட்டார், கணக்கில் பூஜ்யம். ஒரு ரன்னால் அந்த ஆட்டம் தோற்கவில்லை. பஞ்சாப் 13 பந்து மிச்சம் வைத்து ஜெயித்தது. ஆனால் அந்த அணியில் யார் சொல் செல்லும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. கேப்டன் அப்போது பெவிலியனில் கால்காப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார், 62 அடித்துவிட்டு. (அந்த 62-க்கு 48 பந்து ஆனது, சேப்பாக்கத்தில் அது கொஞ்சம் மெதுவுதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

நாலே நாளில் தர்மசாலாவில் அதே பஞ்சாபை 28 ரன்னில் வென்றார்கள். இந்த சீசனில் ருதுராஜின் கேப்டன்சிக்கு ஒரு ஆட்டத்தை உதாரணம் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்ட வேண்டும். 167 ரன் மட்டும் கையில். முன்னணி வீச்சாளர் மூவரும் இல்லை. துபே முதல் பந்தில் அவுட். ஒன்பதாவதாக வந்த தோனியும் முதல் பந்தில் அவுட். மிச்சம் இருந்த ஜடேஜா, துஷார், சிமர்ஜீத் சிங்கை வைத்து, சரியான நேரத்தில் சரியான ஆளிடம் பந்தைக் கொடுத்து முடித்தார். அன்று சிக்ஸ் பார்க்க வந்தவர்களுக்கு ஒன்றும் இல்லை. அதனாலேயோ என்னவோ அந்த வெற்றி யாருக்கும் ஞாபகமில்லை.

அகமதாபாத்தில் ஷுப்மன் கில் 104, சாய் சுதர்சன் 103. சுதர்சன் சென்னைப் பையன். மஞ்சள் சட்டை போட்ட 2024 அணியில் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர்கூட இல்லை, எதிரணியில் ஒருவர் வந்து சதம் அடித்துவிட்டுப் போனார். "நம்ம டீம்" என்று மார்தட்டுகிறவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம். யோசித்தால் இன்னொன்றும் தெரியும். ருதுராஜ் "வெளியூர்க்காரன்" என்று முணுமுணுக்கிற வாய், ராஞ்சிக்காரரைத் "தல" என்று கூப்பிட்டு நம்ம வீட்டுப் பிள்ளை ஆக்கியதும் ஒரே நாளில் அல்ல.

கடைசியில் மே 18, பெங்களூரு. முதல் எட்டு ஆட்டத்தில் ஏழு தோற்று, பிறகு வரிசையாக ஜெயித்து வந்திருந்த அணி எதிரே. மழையும் வந்து போனது. அவர்கள் 218. சென்னை ஜெயிக்கவே வேண்டாம், 201 எடுத்தாலே அடுத்த சுற்று. ருதுராஜ் மேக்ஸ்வெல்லிடம் முதல் பந்திலேயே அவுட். சீசன் முழுக்கத் தூக்கிச் சுமந்தவன் அன்றைக்குப் பார்த்து விழுந்தான். ரச்சின் 61 அடித்து ரன் அவுட். பிறகு ஜடேஜாவும் தோனியும் சேர்ந்து இழுத்துக்கொண்டு வந்து, கடைசி ஓவரில் 17 தேவை என்ற இடத்தில் நிறுத்தினார்கள். பந்து யஷ் தயாள் கையில். முந்தைய வருஷம் ரிங்கு சிங்கிடம் ஒரே ஓவரில் ஐந்து சிக்ஸ் வாங்கியவர். முதல் பந்து, தோனி, 110 மீட்டர் சிக்ஸ், மைதானத்துக்கு வெளியே. நனைந்த பந்து தொலைந்து காய்ந்த பந்து வந்ததுதான் வினை என்று இன்றும் சொல்வார்கள். அடுத்த பந்தில் தோனி கேட்ச். மிச்ச நாலு பந்தில் ஒரே ஒரு ரன். 191. பத்து ரன்னில் போயிற்று. இரண்டு அணிக்கும் 14 புள்ளி. நெட் ரன் ரேட் அவர்களுக்கு 0.459, சென்னைக்கு 0.392.

அந்த ஓவரில் கேப்டன் ருதுராஜ் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை, வெளியே உட்கார்ந்து பார்த்தார். ஆனாலும் மறுநாள் தீர்ப்பில் அவர் பெயர்தான்.

இந்த இடத்தில் அமெரிக்காவில் நடந்த ஒரு கதையைச் சொல்லலாம். அங்கே ஆடுகிற ஃபுட்பாலில் (தூத்தூர், இரவிபுத்தன்துறைக் கடற்கரையில் ஆடுகிற ஃபுட்பால் இல்லை, கையால் தூக்கிக்கொண்டு ஓடுவது) குவார்ட்டர்பேக் என்று ஒருவர் உண்டு. ஒவ்வொரு முறையும் பந்து அவர் கைக்கு வந்துதான் ஆட்டமே நகரும். கிரீன் பே பேக்கர்ஸ் என்ற அணிக்கு 1992-லிருந்து 2007 வரை பிரெட் ஃபாவ்ர் என்பவர் குவார்ட்டர்பேக். ஊருக்கே சாமி மாதிரி. அவருக்குப் பின்னால் ஆரன் ராட்ஜர்ஸ் என்ற பையன் மூன்று வருஷம் பெஞ்சில் காத்திருந்தான். 2008-இல் முழுப் பொறுப்பு வந்தது. தனிப்பட்ட கணக்கில் நன்றாகவே ஆடினான், 4000 கெஜத்துக்கு மேல் எறிந்தான். அணியோ 16 ஆட்டத்தில் 6 வெற்றி, 10 தோல்வி. அதற்கு முந்தைய வருஷம் ஃபாவ்ர் இருந்தபோது 13 வெற்றி. அங்கேயும் டீக்கடை இருந்திருந்தால் என்ன பேசியிருப்பார்கள் என்று தெரியும். ஆனால் அணி அவனை மாற்றவில்லை. 2011 பிப்ரவரியில் அதே ராட்ஜர்ஸ் சூப்பர் பௌல் கோப்பையைத் தூக்கினான்.

ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. ஓய்வு பெற்ற ஃபாவ்ர் மனசு மாறித் திரும்பி வந்தபோது, அணி அவரை நியூயார்க்குக்கு அனுப்பிவிட்டது. மனசு கல்லாக்கிச் செய்த வேலை. ராட்ஜர்ஸுக்குப் பின்னால் நாற்காலி போட்டு யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. தப்பு செய்தால் அவன் தப்பு, ஜெயித்தால் அவன் ஜெயம். ருதுராஜுக்கு அந்த வசதி கிடைக்கவில்லை. ஃபீல்டர் ஒருவர் தள்ளி நின்றால்கூட டி.வி. கேமரா விக்கெட் கீப்பரைத்தான் காட்டியது.

"தோனி இருந்திருந்தா" என்ற வாதத்துக்கு அடுத்த வருஷமே பரீட்சை வந்துவிட்டது. 2025-இல் முதல் ஐந்து ஆட்டத்துக்கு ருதுராஜ் கேப்டன், ஒரே வெற்றி. முழங்கை எலும்பு முறிந்து விலகினார். ஏப்ரல் 11 முதல் தோனியே கேப்டன். முதல் நாளே சேப்பாக்கத்தில் கொல்கத்தாவிடம் 103 ரன்னில் அடங்கி 8 விக்கெட்டில் தோல்வி. மொத்தம் ஒன்பது ஆட்டத்தில் மூன்று வெற்றி. அணி வரலாற்றில் முதல்முறையாகப் பத்தாவது, அதாவது கடைசி இடம். ருதுராஜின் 2024-ஐ அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பத்து ரன்னில் தவறிய 7-7 எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

மார்க் போடுவதானால் 2024-க்கு பேட்ஸ்மேன் ருதுராஜுக்கு நூற்றுக்கு 85 கொடுக்கலாம். கேப்டன் ருதுராஜுக்கு 60. ஏப்ரல் 23 ராத்திரி ஒன்றுக்கே 15 மார்க் வெட்டு. வெளியூரில் பவர்பிளே ஓவர்களில் ரன் வேகம் கூட்டத் தெரியாமல் தடுமாறியதற்கு மிச்சம். அணி நிர்வாகத்துக்கு 35, பாஸ் மார்க் மட்டும். ஒரு நாள் முன்னால் சாவி கொடுத்ததற்கு அதற்கு மேல் போட முடியாது. ரசிகர்களுக்கு மார்க் கிடையாது, சொந்த விக்கெட் விழுந்ததற்குக் கைதட்டியவர்களுக்கு ஹால் டிக்கெட்டே கொடுக்கக் கூடாது.

2025 நவம்பரில் ஜடேஜா ராஜஸ்தானுக்குப் போனார், பதிலுக்கு சஞ்சு சாம்சன் சென்னைக்கு வந்தார். களியக்காவிளை தாண்டினால் கொஞ்ச தூரத்தில் விழிஞ்ஞம், அந்தப் பக்கத்து ஆள். நாகர்கோவிலில் பாதிப் பேர் அன்றைக்கே அவரைச் சொந்தக்காரர் ஆக்கிவிட்டார்கள். அதே வாரம் கேப்டன் ருதுராஜ்தான் என்று அணி அறிவித்தது. தக்கவைத்த ஆட்டக்காரர்கள் பட்டியலில் தோனி பெயரும் இருந்தது. டீக்கடையில் அடுத்த கேள்வியும் தயார்: "அப்போ சஞ்சுவைக் கேப்டன் ஆக்கலாம்லாடே?"